கிணற்றடிக் கல்வாழை

கல்வாழைக்குத் தண்ணீர் வேண்டும். காலடி எந்நேரமும் சதசதவென்று இருந்தால்தான் பூக்கும். அதனால்தான் பெரியகல்லாற்றுச் சின்னம்மா தந்த கிழங்கை எங்கள் கிணற்றடியில், குளித்த தண்ணீர் ஓடும் வாய்க்காலோரம் நட்டேன். பாத்திரம் கழுவிய தண்ணீரையும் அங்கேயே கொண்டுபோய் ஊற்றினேன். அந்த வயதில் எனக்கென்று இருந்த சொத்து அது ஒன்றுதான். சிவப்புப் பூ. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஆவணியில் அக்காவுக்குக் கலியாணம் நடந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மூத்தவளுக்குத் தாலி ஏறினால், பெற்றவர்கள் மற்றப் பிள்ளைகளோடு வெளியேறிவிட வேண்டும். வளவின் நடுவே வேலி அடைத்தார்கள். கல்வீடும் கிணறும் அக்காவுக்கு. வாவிப் பக்கத்து மணலில் கட்டிய ஓலைக் கிடுகு வீடு எங்களுக்கு. வீடு போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கல்வாழையும் சேர்ந்து போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், புது அத்தான் மண்வெட்டியோடு நிற்கிறார். அத்தனையும் வேரோடு கிளறி வேலியோரம் எறிந்திருந்தார்.

"தண்ணி தேங்கி நுளம்புதான் பெருகுது, ராவெல்லாம் கடி. மிளகாய்க் கண்டு வைக்கப்போறன்."

நேற்று வந்த மனிதர். நல்லவர் என்று ஊரே சொல்லும். சொல்லட்டும், எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. நான் கத்தினேன். அக்காவாவது கேட்பாள் என்று பார்த்தால், "எங்கட வளவைத் துப்பரவாக்கினா உனக்கென்னகா?" என்றாள். அந்த 'எங்கட'வுக்குள் நான் இல்லை.

அம்மாவிடம் ஓடினேன். அடுத்த வீட்டு ஆடு வேலிக்குள் தலையை நீட்டினாலே தெருவைக் கூட்டிவிடுகிறவள் அம்மா. அவள் வாளியை எடுத்துக்கொண்டு புறப்பட்டதும், அத்தானுக்கு இன்றைக்கு இருக்கிறது என்று நானும் பின்னால் போனேன்.

அம்மா வேலிக் கடப்பில் நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை.

"மகள், ஒரு வாளித் தண்ணி அள்ளட்டா?"

"ஓம், அள்ளுங்கம்மா," என்றாள் அக்கா, குசினிக்குள் இருந்தபடியே.

அவ்வளவுதான். அத்தானை ஒரு சொல் கேட்கவில்லை. திரும்பும்போது எறிந்து கிடந்த கிழங்குகளைச் சேலைத் தலைப்பில் பொறுக்கிக்கொண்டாள். கிடுகு வீட்டு வாசலில் குழி தோண்டி நட்டு, சோற்றுக்கென்று அள்ளிவந்த தண்ணீரை அதற்கே ஊற்றினாள். மணல் அதை உடனே குடித்துவிட்டது.

"பேசாம இரு புள்ள. இஞ்சயும் பூக்கும்."

பேசாமல்தான் இருந்தேன், அம்மாவோடு. என் பூவுக்காக வாய் திறக்காதவள், ஒரு வாளித் தண்ணீருக்குப் போய்க் கெஞ்சிக்கொண்டு நிற்கிறாளே என்று அவ்வளவு ஆத்திரம்.

அம்மா பிறந்ததும் அந்தக் கல்வீட்டில்தான். அவளுக்கு முதன்முதல் தண்ணீர் வார்த்ததும் அந்தக் கிணற்றில் அள்ளித்தான். அது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும், அன்றைக்கு நான் கல்வாழைக்காக மட்டும்தான் அழுதேன்.