பன்றிக் கொட்டிலில் சக்கர நாற்காலி

மெஸ்கே சிரித்தால் தெருக்கோடியில் கோழிக்குத் தீனி போடுகிறவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். இந்தோனேசியாவின் மினாஹாசா மலைமேல், கிராம்புத் தோப்புகளுக்கு நடுவே இருந்த அந்த ஊரில் அவளைத் தெரியாதவர் கிடையாது. பாட்டு, சமையல், வம்பு எல்லாமே அவளிடம் தாராளம். யாராவது ஒன்றை நம்பச் சொன்னால் அதையும் தாராளமாகவே நம்பிவிடுவாள். அங்கேதான் வந்தது வினை.

அவள் கணவன் நோல்டி கிராம்பு பறிக்க ஏறி, மூங்கில் ஏணி முறிந்து விழுந்தவன். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அறுவடைக்கான நன்றித் திருநாளில் ஊரே கதவைத் திறந்து வைத்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் சோறு போடும். சாப்பாட்டுக்கு முன் ஜெபிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. நோல்டியின் ஜெபத்தைக் கேட்கவென்றே அவர்கள் வீட்டில் கூட்டம் கூடும்.

"ஆண்டவரே, கிராம்பைப் பறிச்சு முடிச்ச பிறகு ஏணியை முறிச்சீரே, உமக்கு நன்றி. பாதியிலயே முறிச்சிருந்தா கிராம்பும் போயிருக்கும்" என்று போன வருடம் அவன் சக்கர நாற்காலியிலிருந்தபடி சொன்னபோது, கண்ணை மூடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் குலுங்கினார்கள்.

இந்த வருடம் ஊர்ப் போதகர் விடுப்பில் போயிருந்த நேரத்தில் மனாடோ நகரத்திலிருந்து ரெய்ன்ஹார்டு என்ற இளம் பிரசங்கியார் வந்தார். நல்ல குரல், நல்ல கிட்டார், எல்லோர் பெயரும் மனப்பாடம். கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் மெஸ்கே முதல் நாளே கண்டுபிடித்திருப்பாள்.

"விசுவாசிக்கு வியாதியே கிடையாது. கேட்டது கிடைக்கலைன்னா கொடுக்கிறவர்கிட்ட குறை இல்லை. உங்க விசுவாசத்துலதான் எங்கயோ ஓட்டை" என்பார் அவர்.

கேட்க எவ்வளவு இனிப்பு! நோல்டி நடந்து வருவதை மெஸ்கே கனவிலேயே பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அவள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் மயங்கியிருப்பார்கள்.

"நாற்காலியை வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டே குணமாகணும்னு கேக்கறது சந்தேகம் இல்லையா, அக்கா? அதைத் தூக்கிப் போடுங்க. திருநாளன்னைக்கு அவரே வாசல்ல நின்னு விருந்தாளிகளை வரவேற்பார்" என்றார் பிரசங்கியார்.

அன்றைக்கே நாற்காலி பன்றிக் கொட்டிலுக்குப் போனது.

"அது என்ன பாவம் பண்ணுச்சு, பன்னிக்குத் துணையா போறதுக்கு?" என்றான் நோல்டி.

"பேசாம இரு. உன் கிண்டல்தான் விசுவாசத்தைக் கெடுக்குது."

அவன் பேசாமலே இருந்துவிட்டான். காலையில் அவள் "எழுந்து நில்லு" என்பாள். அவன் கட்டிலில் கையை ஊன்றி எழப் பார்த்துச் சரிவான். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி கிடப்பான். அந்த மௌனத்தை விசுவாசம் வளர்கிறது என்று எடுத்துக்கொண்டாள் அந்தப் பைத்தியக்காரி.

திருநாள் வந்தது. பன்றிக்கறியும் மூங்கிலில் சுட்ட இஞ்சிச் சோறும் வீடெல்லாம் மணந்தன. பக்கத்து வீட்டுக்காரர்கள் நோல்டியைத் தூக்கிவந்து பெஞ்சில் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார்கள். அவன் எழுந்து நிற்கவில்லை. பிரசங்கியார் அவன் தோளைத் தட்டி, "இன்னும் ஓட்டை அடைபடலை, அண்ணே" என்றார்.

ஜெபத்துக்கு எல்லோரும் தலைகுனிந்தார்கள். சிரிக்கத் தயாராகத்தான் இருந்தார்கள்.

"ஆண்டவரே, என் பெண்டாட்டிக்கு விசுவாசம் பெரிசு. என்னுது பத்தலை. அதனாலதான் கால் எழும்பலை. எல்லார் முன்னாலயும் அவளுக்கு அவமானம் தேடி வச்சுட்டேன். என்னை மன்னிச்சிடும். ஆமென்."

அவ்வளவுதான். நன்றித் திருநாளில் நன்றி என்ற சொல்லே வரவில்லை. மெஸ்கேவுக்கு இப்போது உறைத்தது. விழுந்ததற்குக்கூட நன்றி சொன்ன மனிதன், கால் விளங்காததற்கு மன்னிப்புக் கேட்கிறான். அவனை இப்படிக் குற்றவாளியாக்கிய உபதேசம் ஆண்டவருடையதாக எப்படி இருக்கும்? அவள் கரண்டியைப் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். திரும்பி வரும்போது சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

பிரசங்கியார் எழுந்தே விட்டார். "அக்கா, இது விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கிப் போறது."

"ஐயா, வேதத்துல அப்போஸ்தலர் பவுல் தன் உடம்புல இருந்த முள்ளை எடுத்துடச் சொல்லி ஆண்டவர்கிட்ட மூணு தடவை கெஞ்சியும் அது போகலையே. கிருபை போதும்னுதானே பதில் வந்துச்சு? அவர் விசுவாசத்துலயும் ஓட்டையா?"

"அது வேற விஷயம், அக்கா" என்று சொல்லி அவர் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார்.

மெஸ்கே அப்போதுதான் அதைப் பார்த்தாள். இத்தனை நாள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தும் கண்ணில் படவில்லை. சோடாபுட்டிக் கண்ணாடி.

"சரி தம்பி, அதைக் கழட்டிக் கொடுங்க. கொட்டில்ல நாற்காலி இருந்த இடம் காலியாத்தான் இருக்கு."

முதலில் சிரித்தவன் நோல்டி. பிறகு வீடே சிரித்தது. பிரசங்கியார் சிவந்துபோய்ச் செருப்பைத் தேடினார். மெஸ்கே அவரை விடவில்லை. திருநாளில் வெறும் வயிற்றோடு யாரையும் அனுப்புகிற வழக்கம் அங்கே இல்லை. "உக்காருங்க தம்பி. சாப்பிட்டுட்டு நிதானமா யோசிங்க" என்று அவர் தட்டில் கறியை அள்ளி வைத்தாள்.

பிறகு நோல்டியை நாற்காலியில் உட்காரவைத்து, அவன் முன்னால் குனிந்தாள். "நான்தான் தப்புப் பண்ணிட்டேன். முதல்ல பண்ணின ஜெபம் செல்லாது. மறுபடி பண்ணு."

நோல்டி நாற்காலியின் கைப்பிடியை முகர்ந்து பார்த்துவிட்டுக் கண்ணை மூடினான்.

"ஆண்டவரே, நாற்காலி திரும்பி வந்ததுக்கு நன்றி. பன்னி வாசனை அடிக்குது, அதுக்கும் நன்றி. இனிமே எவனும் இரவல் கேக்க மாட்டான். என் பெண்டாட்டி திரும்பி வந்ததுக்கு..."

மெஸ்கேதான் ஆமென் சொன்னாள்.