வில்லு கூப்பிட்டால்

எங்கள் ஊரில் விதைப்புக்கு நாள் பார்க்கிறவர்கள் குறைவு. "வில்லு கூப்பிட்டுதோ?" என்றுதான் ஒருவரை ஒருவர் கேட்பார்கள். வில்லு என்பது வயல்களுக்குக் கீழே, மழைக்குப் பெருகி வெயிலுக்குச் சுருங்குகிற ஆழமில்லாத சதுப்பு. மாரி மழை உண்மையாகவே தொடங்கிவிட்டால் அதிலிருக்கிற தவளைகள் எல்லாம் ஒன்றாகக் கத்தத் தொடங்கும். அதுதான் கூப்பிடுவது. எங்கோ ஒன்றிரண்டு கத்துவதை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். பக்கத்தில் நிற்பவர் சொல்வது கேட்காத அளவுக்கு வில்லு முழுக்கக் கத்தவேண்டும். அதற்குப் பிறகுதான் விதைநெல்லை ஊறப்போடுவார்கள்.

நான் கிளிவெட்டிப் பக்கத்தில் பிறந்து, கலியாணம் முடித்துத் திருகோணமலை டவுனுக்கு வந்தவள். வயல் எனக்குச் சீதனமாகக் கிடைத்தது. அதைச் செய்கிறவர் அண்ணன். எங்கள் பக்கத்தில் அது வழமை. "காணி உறுதி என்னட்ட, சேறு உங்களிட்ட" என்று நான் அவரைச் சீண்டுவதுண்டு. அவர் சிரிக்கமாட்டார். வயல் விஷயத்தில் அவருக்குப் பகிடி பிடிக்காது.

கடந்த சில வருடங்களாக மழைக்குப் புத்தி பேதலித்துவிட்டது. புரட்டாதியில் ஒரு மழை கொட்டும். மாரி வந்துவிட்டதென்று நம்பி விதைத்தால், முளை பச்சை பிடித்த கையோடு வெயில் திரும்பி வந்து எல்லாவற்றையும் கருக்கிவிடும். தப்பிப் பிழைத்து வளர்ந்தால், அறுவடை நேரத்தில் வெள்ளம் வந்து கதிரோடு மூடிவிடும். அண்ணனுக்குப் போன மாரிப் பயிர் வெயிலில் போனது. அதற்கு முந்தியது வெள்ளத்தில் போனது. இந்த முறையும் விளைச்சல் போனால் வயலைக் கைவிட்டுத் துறைமுகப் பக்கம் கூலி வேலைக்குப் போய்விடுவதாகத் தன் மனைவியிடம் சொல்லியிருந்தார். அன்று தொடக்கம் மச்சாளுக்கு நித்திரை இல்லை. "பிறந்ததில இருந்து சேத்துக்குள்ள நிண்ட மனிசன், பிள்ளை. அங்க போனா உக்கிப்போயிடும்" என்று போனில் என்னிடம் அழுதார்.

ஆகவே இந்த முறை மழையை நம்புவதில்லை, தவளையைத்தான் நம்புவது என்று அண்ணன் முடிவெடுத்தார். மழை ஏமாற்றும், வில்லு ஏமாற்றாது என்பது அவருடைய கதை. யோசித்துப் பார்த்தால் பிழையான கதையும் அல்ல. மழை இப்படிக் குழம்பிப்போன காலத்தில்தான் ஒரு விவசாயிக்குத் தவளை முன்னெப்போதையும்விடத் தேவை. சிக்கல் என்னவென்றால், வில்லில் தவளைகளைக் காணவில்லை.

அது திடீரென்று நடந்ததல்ல. நெல்லில் அறக்கொட்டியான் பூச்சி விழுந்தால் மருந்து. புல் முளைத்தால் மருந்து. எங்கள் ஆட்கள் அதை நஞ்சு என்று சொல்வதேயில்லை. நஞ்சென்று சொன்னால் கை கொஞ்சமாவது நடுங்கும். அடித்த ஈரம் காயுமுன் எதிர்பாராத மழை வந்தால், அவ்வளவும் வாய்க்கால் வழியே வில்லுக்குள் இறங்கும். இப்போது பெய்கிற மழையெல்லாம் எதிர்பாராத மழைதானே. முதலில் தவளைக் குஞ்சுகளான வாற்பேத்தைகள் செத்து மிதந்தன. பிறகு கொக்குகள் வேறு இடம் தேடிப் போயின. கோடை நீள நீள வில்லு ஒரு முற்றத்தளவுக்கு வற்றியது, மிச்சத் தண்ணீரில் மருந்து தடித்தது. தவளை குறையப் பூச்சி கூடியது, பூச்சி கூட மருந்து கூடியது. இதை நான் அண்ணனிடம் சொன்னேன். "டவுனில இருந்து கதைக்கிறது லேசு" என்றார். அது உண்மைதான். ஆனாலும் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

ஐப்பசியில் மழை விடாமல் பெய்யத் தொடங்கியது. வயற்காரர் எல்லோரும் விதைத்துவிட்டார்கள் என்றும், இவர் மட்டும் பின்னேரமானால் வரம்பில் போய் நிற்கிறார் என்றும் மச்சாள் போன் எடுத்தார். "நீங்க சொன்னாலாவது கேப்பார். வாங்கோவன்." நான் பஸ் ஏறினேன். கிண்ணியாப் பாலத்தில் போகும்போது கொட்டியாரக் குடா முழுக்கச் சேற்று நிறத்தில் கிடந்தது. எங்கள் எல்லோருடைய வயலும் சேர்ந்து கடலுக்குப் போய்க்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் மூன்று பேரும் வரம்பில் நின்றோம். மச்சாளும் நானும் ஒரு குடைக்குள், அண்ணன் நனைந்தபடி. வில்லு விளிம்பு தட்டி நிறைந்திருந்தது. தண்ணீர்மேல் மழை விழுகிற சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. வீட்டுக்குள் ஆட்கள் இருந்தும் கதவைத் திறக்காமல் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது போல இருந்தது. சின்ன வயதில் அந்த இரைச்சலில்தான் நான் நித்திரையாவேன். இப்போது அதே இடத்தில் நிற்க எனக்குப் பயம் வந்தது. வீட்டுக்குப் போகவேண்டும் போல இருந்தது.

"இது மழையில்லை" என்றார் அண்ணன்.

"அப்ப தலையில விழுறது என்னவாம்?"

"வில்லு கூப்பிடேல்லையே, பிள்ளை."

"இனிக் கூப்பிடாது அண்ணன். கூப்பிடுறதுக்கு அங்க ஒண்டும் மிச்சமில்லை. நீங்களும் மற்ற ஆக்களும் மருந்தடிச்சு முடிச்சிட்டீங்கள்."

சொன்ன பிறகுதான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அறை வாங்கியவர் போல நின்றார். "அப்ப நான் என்னத்தை வைச்சு விதைக்கிறது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பதில் வேண்டித்தான் கேட்டார்.

அப்போதுதான் மச்சாள், "ரெண்டு பேரும் கொஞ்சம் பேசாம இருங்கோ" என்றார். "அங்கால, பன்புல்லுப் பக்கம். கேக்குது."

அண்ணன் கையைக் காதோடு குவித்தார். நானும் உற்றுக் கேட்டேன். மழைதான். வாயைத் திறக்கப்போனேன். குடைக்குள் மச்சாளின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. நகம் பதிந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"எனக்குக் கேக்கேல்ல. உனக்கு வடிவாக் கேக்குதோ?" என்று அண்ணன் மச்சாளைக் கேட்டார்.

"ஓம். நிறையக் கத்துது."

அவர் காதிலிருந்து கையை எடுத்தார். பிறகு சிரித்தார். "அப்ப என்ர காதுதான் போட்டுது. மருந்தடிக்கிற மெசின் சத்தம் திண்டுபோட்டுது!" என்றார். செவிடானதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் கண்டதில்லை. "அவையள் இருக்கினம்" என்று ஆட்களைச் சொல்வது போலத் தவளைகளைச் சொன்னார். கண்ணைத் துடைத்தாரா, மழையைத் துடைத்தாரா தெரியாது.

மறுநாள் விதைநெல் ஊறியது. விதைத்தார்கள். அதற்குப் பிறகு மழையும் அளவாகவே பெய்தது, முளை ஒரே சீராக வந்தது. மச்சாள் போனில் பழையபடி சிரித்துக் கதைத்தார். அந்தப் பொய்யை நான் மெச்சினேன். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய பொய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நெல்லோடு புல்லும் வந்தது. அடுத்த முறை நான் போனபோது அண்ணன் வில்லுக் கரையில் குனிந்து மருந்து மெசினுக்குத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"வில்லுப் பக்கத்தையாவது விட்டிட்டு அடியுங்கோ அண்ணன்" என்றேன்.

"இவ்வளவு காலம் அடிச்சும் அவையள் இருக்கினம்தானே. மருந்து ஒண்டும் செய்யேல்ல. உன்ர மச்சாள் காதால கேட்டவ."

மச்சாள் தள்ளி, மருத மரத்தடியில் நின்றார். நான் கிட்டப் போய், அவருக்கு மட்டும் கேட்கும்படி, "இப்பவாவது உண்மையைச் சொல்லுங்கோ மச்சாள்" என்று முணுமுணுத்தேன்.

"என்ன உண்மை?" என்றார் அண்ணன், தண்ணீர்க் கரையில் இருந்து.

அவ்வளவு தூரம். அவ்வளவு மெல்லிய குரல். அவருடைய காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது எனக்குத் தெரிந்தது, மச்சாளுக்குத் தெரிந்தது, எல்லோருக்கும் முதலே அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் பார்வையைத் தாழ்த்தி, மெசினைத் தூக்கி முதுகில் மாட்டிப் பட்டியை இறுக்கினார். பிறகு எங்களைப் பார்க்காமலே மச்சாளிடம் கேட்டார்:

"கத்துதுகளோ?"

காய்கிற வெயில். அந்த நேரத்தில் எந்தத் தவளையும் கத்தாது. மச்சாள் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திப் பிடித்திருந்தார். அதை எடுத்துவிட்டு, "ஓம், கத்துது" என்றார்.

அண்ணன் தலையாட்டினார். மெசின் கயிற்றை இழுத்து முடுக்கினார், அதற்குப் பிறகு எங்கள் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.