வலி என்ற சொல்லைக் குறித்துக்கொண்டேன்

ஊரில் ஒருவரும் பேசாத மொழியைப் படித்து, அதையே பிழைப்பாகவும் வைத்துக்கொண்டிருக்கும் சக பாவிகளே, நம் தொழிலில் அவமானம் தினமும் வருவதில்லை. வரும்போது மொத்தமாக வருகிறது.

வீட்டுக்காரர் கேள்வி

எங்கள் ஊர் மண்டி மொஹல்லா பேட்டையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது, பாத்திரக்கடை வைத்திருக்கும் வீட்டுக்காரர் என்ன வேலை என்று கேட்டார். லிதுவேனிய மொழியை ஆராய்கிறேன், பால்டிக் கடலோரம் பேசுகிறார்கள், சமஸ்கிருதத்துக்குத் தூரத்துச் சொந்தம், இரண்டுக்கும் மூத்த மொழி ஒன்று இருந்திருக்கிறது, அதைத்தான் தேடுகிறோம் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அங்கே போயிருக்கிறீர்களா என்றார். இல்லை. அவர்களில் யாரிடமாவது பேசியிருக்கிறீர்களா? அதுவும் இல்லை, இருபது வருஷமாகப் பழைய ஜெபப் புத்தகங்களோடுதான் சகவாசம். அவர் சந்தோஷமாகச் சாவியை நீட்டினார்.

“ஆராமான, அலுங்காத வேலை சார்! தப்பாப் பேசினாலும் இங்க கண்டுபிடிக்க ஆளில்ல.”

ஆஸ்பத்திரி அழைப்பு

போன மழைக்காலத்தில் அப்படிக் கண்டுபிடிக்க ஓர் ஆள் வந்தது. யோகா கற்க வந்த லிதுவேனியப் பெண்மணி, அறுபது வயதிருக்கும், மாடிப்படியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆங்கிலம் வராது, போனில் மொழிபெயர்த்துப் பார்த்தும் சரிவரவில்லை. வேறெங்கே அடிபட்டது என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். என் மாணவி ஒருத்தி மூலம் என்னைக் கூப்பிட்டார்கள். ஆட்டோவில் போகும்போது, சொன்னால் வெட்கம், எனக்கு ஒரே பெருமை.

என்னைப் பார்த்ததும் அந்த அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று பேசினார். பத்துக்கு இரண்டு சொல்கூடப் பிடிபடவில்லை. தயார்செய்து வைத்திருந்த வணக்கத்தைச் சொல்லக்கூட இடைவெளி கிடைக்கவில்லை. திடீரென்று ஒரு சொல். அதில் குரல் ஏறி இறங்கும் விதத்தைப் புத்தகத்தில் மட்டும்தான் படித்திருந்தேன். நான் என்ன செய்தேன் தெரியுமா? கையை விடுவித்துக்கொண்டு, நோட்டை எடுத்து எழுதி, மேலே ஏற்ற இறக்கக் குறி போட்டு, இன்னொரு முறை என்று விரலால் காட்டினேன். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று முறை சொன்னார். பக்கத்தில் நின்ற, ஹனூர் என்ற ஊரிலிருந்து வந்த நர்ஸ் என்னையே பார்த்தாள்.

“அந்தம்மா வலிக்குதுன்னு சொல்றாங்க சார். பாஷை தெரியாத எனக்கே புரியுதுங்களே!”

மன்னிப்புக் கேட்கப் போனது

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் போனேன். நல்லவேளை, வேறு அடி எதுவும் இல்லை. என் உதவி இல்லாமலேயே ஸ்கேனில் பார்த்துக்கொண்டார்கள். மன்னிப்பு வாசகத்தை வீட்டில் எழுதித் திருத்தி மனப்பாடம் செய்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவர், நோட்டு துருத்திக்கொண்டிருந்த என் சட்டைப்பையைக் காட்டி, குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசினார். அந்த மொழியில் எனக்கு முழுதாகப் புரிந்த முதல் பேச்சு அது.

“நான் சொன்னதையெல்லாம் டாக்டருக்காகத்தானே எழுதிக்கொண்டீர்கள்? இங்கே காதுகொடுத்துக் கேட்டது நீங்கள் ஒருவர்தான்.”

இருபது வருஷம் படித்த மொழியில் ஒரு மனுஷியிடம் நான் சொன்ன முதல் சொல் ‘ஆமாம்’. பொய் என்பதைத் தவிர அதன் உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை.