செத்த கம்பிக்குச் சங்கிலி: ஒரு கோவிந்தாபுரம் பயணம்

நான் அறிவியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "கரண்டை நிறுத்தின பிறகும் லைன்மேன் எதுக்கு சார் கம்பியை மண்ணோட கட்டறாரு?" பாதுகாப்புக்கு என்றேன். அவளுக்குத் திருப்தி இல்லை. எனக்கும்தான்.

போன வைகாசியில் ஒரு கல்யாணத்துக்காகக் கோவிந்தாபுரம் போனேன். பொள்ளாச்சியில் காலை 7.40 பஸ், டிக்கெட் 25 ரூபாய், சுமார் இருபது கிலோமீட்டர். 8.35க்கு இறங்கினேன். மண்டபம் முக்கால் கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நாற்பது ரூபாய் கேட்டார், நடந்தேன்.

9.15க்கு அடித்த காற்றில் ஒரு தென்னை மட்டை மண்டபத்துக்கு எதிரே 11,000 வோல்ட் கம்பியில் விழுந்து, கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கானை உடைத்தது. கரண்ட் போய், சட்னி அரைப்பது பாதியில் நின்றது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. வாங்க ஓர் ஆள் ஓடினார்.

9.50க்கு லைன்மேன் ரங்கராஜ் இன்னொருவருடன் வந்தார். லைனை நிறுத்தி, கரண்ட் இருந்தால் கத்தும் டெஸ்டரை நீட்டிப் பார்த்தார். சத்தமில்லை. பிறகு தரையில் ஓர் இரும்புக் கடப்பாரையை அடித்து, அதில் சங்கிலியைப் பூட்டி, மறுமுனையை நீளக் கழியால் மேலே லைன் கம்பியில் மாட்டினார். கம்பத்துக்கு இருபுறமும் அப்படியே. அதற்கே இருபது நிமிடம்.

மண்டப மேனேஜர் சாமிநாதனுக்குப் பொறுக்கவில்லை. "டெஸ்டரே கம்முனு இருக்குதுங்க. செத்த கம்பி எந்திரிச்சு ஓடியா போயிரும்?"

"எழுப்பி உடறதுக்கு ஊர்ல ஆளிருக்குதுங்களே" என்றபடி ரங்கராஜ் கம்பத்தில் ஏறினார்.

அவர் உச்சியில் இருந்தபோது டீசல் வந்துவிட்டது. ஜெனரேட்டர் உறுமியது, முக்கியது, நின்றது. மறுபடியும் அதே. சாமிநாதன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏனுங்க, உங்க சங்கிலி எங்க ஜெனரேட்டர் கழுத்தை நெரிக்குதுங்க. சித்த கழட்டி உடுங்க."

"கழட்டியிருந்தா இந்நேரம் என் கழுத்து போயிருக்குமுங்க. போய் மெயின் ஸ்விட்சைப் பாருங்க."

நானும் கூடப் போனேன். மெயினை இறக்கிவிட்டுத்தான் ஜெனரேட்டர் ஸ்விட்சை ஏற்ற வேண்டும். இங்கே இரண்டுமே ஏறி நின்றன. மெயின் கைப்பிடியில் மாப்பிள்ளை வீட்டாரின் மூன்று பட்டுச் சட்டைகள் தொங்கின. கசங்குமே என்று யாரும் தொடவில்லை.

படிக்கட்டில் இறங்கவும் செய்யலாம், ஏறவும் செய்யலாம். 11,000 வோல்ட்டை வீட்டுக் கரண்டாக இறக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் அப்படித்தான். சங்கிலி இல்லையென்றால் ஜெனரேட்டரின் கரண்ட் மண்டபத்திலிருந்து பின்வழியாக ஏறி, 11,000 வோல்ட்டாகி, ரங்கராஜின் கைக்குப் போயிருக்கும். சங்கிலி அதை மண்ணுக்குத் திருப்பியது; சுமை தாங்காமல் ஜெனரேட்டர் நின்றது.

சாமிநாதன் சட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மெயினை இறக்கினார். இந்த முறை ஜெனரேட்டர் ஓடியது. யாரும் மெயினை ஏற்றிவிடாதபடி அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றவர், தாலி கட்டும்போதுகூட நகரவில்லை. கெட்டிமேளம் கேட்டதும் இருந்த இடத்திலிருந்தே அட்சதை போட்டார். எல்லாம் என் தலையில் விழுந்தது. 11.20க்கு ரங்கராஜ் இறங்கி, சங்கிலிகளைக் கழற்றிய பிறகுதான் சாமிநாதன் வெளியே வந்தார். ரங்கராஜைக் கையைப் பிடித்துப் பந்திக்குக் கூட்டிப்போய்த் தானே பரிமாறினார்.

போகிறவர்களுக்கு: வைகாசிக் காற்றில் குடை நிற்காது, தொப்பி நல்லது. லைனில் வேலை நடக்கும்போது தாமதமானால் லைன்மேனை அவசரப்படுத்த வேண்டாம். அந்த இருபது நிமிடம் அவர் உயிருக்கானது.

அடுத்த முறை ஜெனரேட்டரை ஓட்டுமுன், மெயின் கைப்பிடி இறங்கியிருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள்.