நாலு மணி நேரத்துக்கு ஒரு ரவுண்டு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: என் மகளைக் கொஞ்ச காலம் நான் கண்டெய்னர் மாதிரிதான் வளர்த்தேன். இதைச் சொன்னால் கேட்பவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். என் மனைவி மட்டும் சிரிக்க மாட்டாள். அவள் சிரிக்காததற்குக் காரணம் இருக்கிறது. அதற்கும் நான்தான் காரணம்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. இறாலும் ஐஸ்கிரீமும் மருந்தும் போகிற குளிர்பெட்டிகள், கப்பல் வரும்வரை அங்கே கரண்டில் செருகப்பட்டு வரிசையாக நிற்கும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரவுண்டு போய், ஒவ்வொரு பெட்டியின் முகத்திலும் எரிகிற டிகிரியைப் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் அந்த வேலையில் பத்து வருஷம் இருந்தவனுக்கு ஒரு மூடநம்பிக்கை வந்துவிடும்: பார்த்துக்கொண்டே இருக்கிற பெட்டி கெடாது. ஒருமுறை என்னோடு வேலை செய்தவர் பார்க்காமலே ஒரு ரவுண்டை எழுதிவிட்டார். அந்தப் பெட்டியைத் திறந்தபோது வந்த இறால் நாற்றம் இன்னும் என் மூக்கில் எங்கேயோ ஒரு மூலையில் குடியிருக்கிறது. இந்த மூக்கோடும் இந்த நம்பிக்கையோடும்தான் நான் அப்பாவானேன்.

வயிற்றில் இருக்கும்போதே பாப்பாவின் இதயம் மெதுவாக அடிப்பது ஸ்கேனில் தெரிந்துவிட்டது. மேல் அறையிலிருந்து கிளம்புகிற சிக்னல் கீழ் அறைக்குப் போய்ச் சேரவில்லை என்று டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுச் சொன்னார். என் மனைவி அந்தத் தாளைப் பார்க்காமல் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படத்தைப் பார்த்தேன். எனக்கு உடனே புரிந்துவிட்டது. நடுவில் ஒயர் கட், அவ்வளவுதானே என்றேன். டாக்டரும் பெருந்தன்மையாக, "கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றார். என் மடத்தனத்துக்கு அஸ்திவாரம் அந்த 'கிட்டத்தட்ட'தான். பிறந்த ஒன்பதாம் நாள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். கைக்குழந்தையின் நெஞ்சில் அதற்கு இடமில்லை என்று வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்தார்கள். தீப்பெட்டியைவிடச் சின்னது. குளிப்பாட்டும்போது கைக்குத் தட்டுப்படும். அரைஞாண் கயிறு அதன்மேல் உரசாமல் இருக்க என் மனைவி தினமும் இரண்டு விரலால் கயிற்றைக் கீழே தள்ளிவிடுவாள். அவள் பார்த்துக்கொண்டது அந்த அளவுக்குத்தான். மற்றபடி அவளுக்கு அது குழந்தை.

பாப்பாவுக்கும் அது பெரிய விஷயமாக இல்லை. பேச்சு வந்ததும் அதற்கு 'பிக்கெட்டு' என்று பெயர் வைத்தாள், பிஸ்கட் என்று அர்த்தம். தண்ணீர் கேன் போடுகிறவர், கீரைக்கார அம்மா, சந்துக்குள் யார் வந்தாலும் கவுனைத் தூக்கி "என் பிக்கெட்டு பாரு" என்பாள். கீரைக்கார அம்மா ஒவ்வொரு நாளும் புதிதாகப் பார்ப்பது போலக் குனிந்து பார்த்து, "எனுக்கு ஒண்ணு தர்ரியாடி?" என்று கேட்பார். "தர மாட்டன்." தினமும் இதே பேச்சுதான். திருவொற்றியூரில் எங்கள் சந்தில் பாதிப் பேருக்கு என் மகளின் பெயர் தெரியாது, பிஸ்கட்டு பாப்பா என்றால் தெரியும்.

எல்லாவற்றையும் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்கிற பொறுப்பு என்மேல் விழுந்தது. வீட்டில் காந்தம் கூடாது என்று ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த மாம்பழ பொம்மையைப் பிடுங்கி எறிந்தேன். குழந்தையைத் தூக்கும்போது யாரிடமும் போன் இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன்; என் போனைப் பீரோ மேல் வைத்துவிட்டுத்தான் அவளைத் தொடுவேன். மிக்ஸி ஓடினால் அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவிடுவேன். காலையில் சட்னி அரைக்கும் நேரம், நான் லுங்கியோடு குழந்தையைச் சுமந்து சந்தில் நிற்பதைப் பார்த்தவர்கள், எங்களுக்குள் தினமும் சண்டை என்று நினைத்தார்கள். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் என் தோளில் கைபோட்டு, "வுடு நைனா, பொம்பளைங்கன்னா அப்டித்தான்" என்று ஆறுதல் சொன்னார். சட்னியால்தான் வெளியே வந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

பிறகு சார்ட். "சந்தேகம் வந்தா நாடியை எண்ணிப் பாருங்க" என்றுதான் டாக்டர் சொன்னார். எனக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை சந்தேகம் வந்தது. யார்டிலிருந்து ஒரு ரவுண்டு தாளைக் கொண்டுவந்து, டிகிரி என்ற இடத்தில் நாடி என்று எழுதி, கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியில் மாட்டினேன். தூங்கும்போது கழுத்தில் விரல் வைத்து எண்ணினால் நூற்றுப் பத்து. பேஸ்மேக்கரின் கணக்கு அது. அதற்குக் கீழே போக விடாது. நான் டூட்டியில் இருக்கும் நேரத்துக்கு என் மனைவி எழுத வேண்டும் என்று உத்தரவு. அவளும் எழுதினாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கட்டத்துக்குள் 'தூங்குது' என்று இருக்கும். அடுத்த கட்டத்தில் 'சோறு துன்னுது'. ஒருநாள் 'உன் சட்டைய கிழிக்குது'. போய்ப் பார்த்தேன், உண்மைதான்.

பாப்பாவுக்கு இரண்டரை வயதானபோது எங்களுக்குள் நிஜமாகவே ஒரு சண்டை வந்தது. தெருமுனை பால்வாடியில் அவளைச் சேர்க்க வேண்டும் என்றாள் மனைவி. "சன்னல் கம்பியப் புட்ச்சிகினு அந்தப் பசங்களையே பாத்துகினு கீதுய்யா. பாக்கவே பேஜாரா கீது." நான், மூன்று மாதம் சார்ட் ஒரே சீராக இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன். மூன்று மாதம் முடிந்ததும் இன்னொரு மூன்று மாதம் கேட்கப் போகிறேன் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு செக்கப் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போவோம். டெக்னீஷியன் அம்மா, கண்ணாடி போட்ட கறாரான பெண்மணி, வட்டமான ஒரு கருவியைப் பாப்பாவின் வயிற்றில் வைத்துக் கம்ப்யூட்டரில் படிப்பார். மனைவி அன்று வரவில்லை, நானும் பாப்பாவும்தான். அவர் ஏதோ சொல்லிக்கொண்டே தட்டினார். நான் குளிர்பெட்டியில் பேட்டரி எங்கே இருக்கும், அது எப்போது காலை வாரும் என்று அவருக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் ஃபைலில் பச்சை மையில் எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் மதியம் மனைவி காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போயிருந்தாள். பாப்பா பாயில் தூங்கினாள். முந்தின ராத்திரி நான் டூட்டியில் இருந்ததால் சார்ட்டில் 'தூங்குது' மட்டும்தான் இருந்தது; இது என் ரவுண்டு. எண்ணினேன், தொண்ணூறு. கடிகாரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி எண்ணினேன்; தொண்ணூறு. மூன்றாம் தடவையும் அதே. யார்டில் கணக்கு தப்பினால் முதலில் எழுது, பிறகு ஓடு என்பது விதி. பத்து வருஷப் பழக்கம் மூளையைக் கேட்காது. மூன்று தொண்ணூறையும் எழுதி, சிவப்பு பேனாவால் சுற்றி வட்டம் போட்டுவிட்டு, ஃபைலைக் கக்கத்தில் இடுக்கி, குழந்தையை அள்ளிக்கொண்டு ஓடினேன். கதவைச் சாத்தவில்லை. போன் பீரோ மேல் இருந்தது. என் சட்டப்படி, இருக்க வேண்டிய இடத்தில்.

முனையில் என் மச்சான் ஆட்டோவில் சாய்ந்து படுத்திருந்தான், மனைவியின் தம்பி. என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தான். ரோட்டில் வழக்கம்போல டிரெய்லர்கள் வால் தெரியாமல் நின்றன. அவன் இண்டு இடுக்கில் எல்லாம் புகுந்தான். "வழி வுடு தலீவா, கொயந்தைக்கு முடில!" என்று ஒவ்வொரு டிரைவரிடமும் கத்தினான். அந்த ஆட்டத்தில் பாப்பா விழித்துக்கொண்டாள். முடியாத குழந்தை என் மடிமேல் ஏறி நின்று, "பெரி லாரி! அப்பா, பெரி லாரி!" என்று இரண்டு கையையும் ஆட்டினாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு டிரெய்லரை ஒன்றாகப் பார்த்ததில்லை. நான் அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதேன். மச்சான் கண்ணாடியில் என்னையும் பார்த்தான், அவளையும் பார்த்தான். "மாமா, கொயந்தைக்கா உனுக்கா?" என்றான்.

டெக்னீஷியன் அம்மா கருவியை வைத்துப் பார்த்தார். பிறகு என் கக்கத்திலிருந்து ஃபைலை உருவி, முதல் பக்கத்தைத் திறந்து காட்டினார். பச்சை மையில், பெரிய எழுத்தில், தொண்ணூறு.

"நேத்து நாந்தானே கொறைச்சேன் சார்? கொழந்த வளர வளர அவ்ளோ வேகம் தேவப்படாது. சொன்னேனே. நீங்க அப்ப எனக்கு எறால் கத சொல்லிட்டிருந்தீங்க."

வழி முழுக்க அந்த எழுத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன். மச்சான் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தான். நான் மானம் போனாலும் போகட்டும் என்று மிக்ஸியைப் பற்றியும் கேட்டுவிட்டேன். வீட்டு மிக்ஸியால் ஒன்றும் ஆகாது, போனை அந்த இடத்தின் மேலேயே வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைத்தால் போதும் என்றார். "ஓட விடுங்க, ஆட விடுங்க. வயித்துல அடி படாம பாத்துக்குங்க. மயக்கம் வந்தாலோ தொவண்டு போனாலோ உடனே தூக்கிட்டு வாங்க. இன்னிக்கி மாதிரி."

அந்த 'உடனே'யில்தான் எனக்கு வீட்டு ஞாபகம் வந்தது. மச்சான் போனில் சார்ஜ் இல்லை. டெக்னீஷியன் அம்மா தன் போனைக் கொடுத்தார். மனைவியின் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. ஒரே ஒரு நம்பர்தான் தெரியும், என்னுடையது. அதற்கே போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"பாப்பா நல்லா கீது" என்றேன். "நாந்தான் தப்பா நெனச்சிட்டேன்" என்றேன். வைத்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மீன் பை பிரிக்காமல் பக்கத்தில் கிடந்தது. மடியில் என் போன். அவள் வந்தபோது கதவு திறந்து கிடந்திருக்கிறது, பாய் காலி, சுவரில் சிவப்பு வட்டம். எனக்குப் போன் போட்டிருக்கிறாள். அது தலைக்குமேல் பீரோவில் அடித்திருக்கிறது. எந்த ஆஸ்பத்திரி, உயிர் இருக்கிறதா இல்லையா என்று ஒன்றும் தெரியாமல், போனாவது வரும் என்று அந்தப் படியிலேயே ஒன்றரை மணி நேரம். நான் அழுததை மச்சான் இன்றுவரை நடித்துக் காட்டுவான். அந்த ஒன்றரை மணி நேரத்தை யாராலும் நடித்துக் காட்ட முடியாது.

குழந்தையை வாங்கிச் சோறு ஊட்டினாள். முடித்துவிட்டு என்னிடம் வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். "உனுக்கு பயமா இருந்தா என்கிட்ட சொல்லு. செவுத்துகிட்ட சொல்லாத" என்றாள். சார்ட்டை அவள் கழற்றவில்லை. நானே கழற்றினேன்.

திங்கட்கிழமை பால்வாடிக்குப் போனோம். டீச்சர் கவுனைத் தூக்கிப் பார்த்து, எதற்கெல்லாம் கூப்பிட வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியாக, "கடிப்பாளா?" என்றார். இல்லை என்றோம். "போன வாரம் சேந்தது கடிக்குது." அவர் கவலை அவருக்கு. நான் அரை மணி நேரம் காம்பவுண்டு சுவர்மேல் தலை தெரிய நின்றேன். ஆயா வந்து, "அப்பாமாருங்கல்லாம் கெளம்பு" என்று விரட்டினார்.

இப்போது அவளுக்கு எட்டு வயது. பேட்டரி தீரப்போகிறது, அடுத்த மாதம் பெட்டியை மாற்ற வேண்டும். பயமாக இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். எனக்கும்தான் என்றாள். முன்பெல்லாம் இருவரும் தனித்தனியாகப் பயந்தோம். இப்போது சேர்ந்து பயப்படுகிறோம், அவ்வளவுதான் முன்னேற்றம். பழைய பழக்கம் மட்டும் விரலில் மிச்சம் இருக்கிறது. நேற்று சாயங்காலம் சந்தில் பையன்களோடு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவள் வியர்வையோடு உள்ளே ஓடிவந்து சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்தாள். என் கை தானாகப் போய் அவள் கழுத்தில் உட்கார்ந்தது. "கொசு" என்றேன். அவள் சொம்பை இறக்கி, என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் கழுத்தை நகர்த்தவில்லை.

"சீக்கிரம் எண்ணுப்பா, அடுத்து நாந்தான் பேட்டிங்கு."