ஜெபராணி அக்காவின் ரஃப் ட்ராக்

ஜெபராணி அக்காவோடு பழகியவர்களே, வேலை செய்தவர்களே, இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகள் தூங்கினால்தான் எனக்குக் கை ஓய்கிறது. இன்று அவள் தூங்க வெகுநேரமாகிவிட்டது.

செய்தி வந்தபோது செம்பூரில் பேச்சுப் பயிற்சி மையத்தின் வாசலில், கழற்றிப்போட்ட செருப்புகளுக்கு நடுவே நின்றிருந்தேன். ஒலிப்பதிவாளர் சந்தீப் போனில் சொன்னார்: "ஜெபராணி தீதி நஹீ ரஹீ." அக்கா போய்விட்டார். மாரடைப்பாம். உள்ளே பயிற்சியாளர் "போலோ பேட்டா, போலோ" என்று பேசச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். என் மகள் நிலாவுக்கு நான்கு வயதாகப் போகிறது. காது நன்றாகக் கேட்கிறது என்கிறார்கள். ஆனால் ஒரு சொல்கூட வரவில்லை.

அக்காவைத் தாராவியில் மட்டும் அறிந்தவர்களுக்காகச் சொல்கிறேன். வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது எங்கள் இருவரின் வேலை. குரல் கொடுப்பவர்கள் வருவதற்கு முன், வசனம் உதட்டுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க நாங்களே பேசிப் பதிவு செய்வோம். அதுதான் ரஃப் ட்ராக். படம் முடிந்ததும் அதை அழித்துவிடுவார்கள். "படத்துல அவன் வாய மூடுத எடத்துல நீயும் மூடணும். பொறவு அர்த்தம் தானா வந்து உக்காரும்" என்பார் அக்கா. வேலையில் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

இரண்டு வருடமாக எங்களுக்கு வந்தவை பெரும்பாலும் விஞ்ஞானப் படங்கள். எல்லாவற்றிலும் பிள்ளைகள் வேறு மாதிரி படித்தார்கள். ஒன்றில் தலையில் ஒளி வளையத்தை மாட்டினால் ஆறு பாஷை இறங்கிவிடும். இன்னொன்றில் கண்ணாடிக் குழாய்க்குள் தூங்கி எழுந்தால் கணக்கு வந்துவிடும். எனக்கு அவற்றைப் பார்த்தால் ஏக்கமாக இருக்கும். அக்காவுக்கு எரிச்சல். "ஒரு படத்துலயாவது அந்தப் பிள்ளைக்குப் பக்கத்துல யாராச்சும் உக்காந்திருக்காவளா பாரு. வளையம் மாட்டுனா பேசிருமாம். பொறவு அம்ம எதுக்குட்டி?"

வளையப் படம் முடிந்த வாரம், தூங்கும் நிலாவின் தலையில் ஹெட்போனை மாட்டி, அந்தப் படத்தின் தமிழ் வசனத்தையே ஓடவிட்டேன். அவள் அலறி எழுந்து அதைப் பிய்த்தெறிந்தாள். மறுநாள் ஸ்டுடியோவில் கண் வீங்கிப் போய் நின்றேன். நடந்ததைக் கேட்ட அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ஏட்டி, நீ எழுதுன படத்த நீயே நம்பிட்டியா? சரி, அழாத. பிள்ளயக் கூட்டிட்டு வா."

கூட்டிக்கொண்டு போனேன். பதிவு அறைக்குள் அக்கா, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் சந்தீப்பின் மடியில் நிலா. அக்கா வளையப் படத்துச் சிறுமியின் வசனத்தையே பேச, குரல் ஸ்பீக்கரில் வந்தது. நிலா எழுந்து போய்க் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். அக்காவின் உதடு மூடும்போதெல்லாம் அவள் உதடும் மூடியது. சத்தமில்லை. ஆனால் ஓரிடம்கூடத் தப்பவில்லை. சந்தீப் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அதிலிருந்து சாப்பாட்டு நேரமெல்லாம் அவர்கள் இருவருக்கும் அதே விளையாட்டுதான். ஒரு வெள்ளிக்கிழமை, நாலைந்து முறை உதட்டை மூடித் திறந்த பிறகு, நிலாவிடமிருந்து "ம்" என்று வந்தது. அவ்வளவுதான். அக்கா ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு, "டேக் ஓகே! சந்தீப், சாய் பிலாவ்!" என்று டீ கேட்டுக் கத்தினார். நான் நிலாவை அள்ளிக்கொண்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். "திங்கக்கிழம அடுத்த எழுத்து எடுப்போம். டென்ஷன் ஆவாத" என்றார்.

அந்தத் திங்கட்கிழமைதான் நான் அந்தச் செருப்புகளுக்கு நடுவே நின்றிருந்தேன்.

அதன் பிறகு அந்த "ம்" வரவே இல்லை. நான் கண்ணாடிப் பலகை ஒன்று வாங்கி எங்கள் நடுவில் வைத்துப் பார்த்தேன், நானே பேசிப் பார்த்தேன். அவள் என் உதட்டைப் பார்ப்பதில்லை. போன வாரம் வளையப் படம் டிவியில் வந்தது. அக்கா பேசிக் காட்டிய அந்தச் சிறுமியின் வசனத்தைக் கேட்டு நிலா ஓடிவந்து திரையில் கை வைத்தாள். குரல் வேறொருவருடையது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சந்தீப் தேடிப் பார்த்துவிட்டார், எல்லாம் அழிந்துவிட்டது. அக்காவின் தம்பி வீட்டில் போட்டோக்கள் மட்டும்தான் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில்கூட அவர் குரல் அனுப்பியதில்லை. "தொண்டைய சும்மா செலவழிக்கக் கூடாதுட்டி" என்று எல்லாவற்றையும் டைப் செய்துதான் அனுப்புவார். காலம் முழுக்க வசனம் பேசிப் பேசிப் பிழைத்தவரின் குரல் எங்கும் இல்லை. ஒருவேளை கிடைத்தாலும், ஸ்பீக்கரில் ஒரு குரல் மட்டும் வந்து என்ன ஆகிவிடப் போகிறது என்றும் தோன்றுகிறது. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஆள் இருந்தார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். நிலா தூங்கும்போது அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, சத்தமில்லாமல் உதட்டை மூடித் திறக்கிறேன். இன்றும் செய்தேன்.

உங்களில் யாருடைய பழைய போனிலாவது, ஹார்ட் டிஸ்கிலாவது அக்காவின் ரஃப் ட்ராக் ஒரு துண்டு இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் இல்லை என்றாவது எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.