பெர்னி டோலனும் இரண்டாம் சுற்றும்

எந்தக் காரியத்துக்கு யாரைப் பிடிக்க வேண்டும் என்பது பெர்னி டோலனுக்கு அத்துப்படி. அயர்லாந்தில் லீட்ரிம் மாவட்டத்து டிரம்கில்லன் ஊரில் ஹியூபர்ட்டின் கால்நடை மருத்துவமனையில், தொலைபேசிக்குப் பக்கத்து நாற்காலியில், இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவள் அவள். பசு கன்று போட முடியாமல் திணறுகிறது என்று ஒருவன் அலறினால், ஹியூபர்ட் எந்த மலைச்சரிவில் எந்தத் தொழுவத்தில் மாட்டுக்குள் முழங்கை வரை கையை விட்டு நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அவர் வர முடியாவிட்டால் பக்கத்துச் சரகத்து மருத்துவரை எப்படிக் கெஞ்சுவது, அவர் மனைவியை எப்படிக் குளிரவைப்பது என்பதும் தெரியும். சாலையில் பள்ளமா, முதியோர் மருத்துவ அட்டை வரவில்லையா, எல்லாவற்றுக்கும் ஊரார் முதலில் அவளிடம்தான் வருவார்கள்.

இப்படிப்பட்டவளை ஒரு நட்சத்திரக் குறி மண்ணைக் கவ்வவைத்தது.

ஹியூபர்ட்டுக்கு எழுபத்தொன்று ஆகிவிட்டது. தன் இடத்துக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்று மூன்று வருடமாக விளம்பரம் கொடுத்துப் பார்க்கிறார். ஒருவன் வந்தான், இரண்டு வாரம் லீட்ரிம் மழையைப் பார்த்தான், போனான். இன்னொருத்தி வந்தாள். பூனைக்கும் நாய்க்கும் மட்டும்தான் பார்ப்பேன் என்றாள். இங்கே பூனையை யார் மருத்துவரிடம் கொண்டுவருகிறார்கள்? ஆக, அந்த வயதிலும் மனிதர் குளிரில் சட்டையைக் கழற்றிவிட்டு மாட்டுக்குப் பின்னால் படுத்துக்கொண்டிருந்தார். இடுப்பில் பட்டை கட்டியிருப்பது பெர்னிக்கு மட்டும் தெரியும்.

பெர்னியின் மகள் ஈமர் பதினான்கு வயதிலிருந்து சனிக்கிழமைகளில் அங்கே வந்துகொண்டிருந்தாள். ஹியூபர்ட்டின் கை மரக்கட்டை மாதிரி. செம்மறிகள் குட்டி போடும் பருவத்தில் சின்ன ஆட்டுக்கு வயிற்றில் குட்டி மாட்டிக்கொண்டால் அந்தக் கை உள்ளே போகாது, ஈமரின் கை போகும். கண்ணை மூடிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, சிக்கிய காலை நேராக்கி இழுத்துவிடுவாள். தொழுவத்துக்குத் தொழுவம் அவள் பேச்சுதான்.

"எப்ப நம்ம ஊருக்கு டாக்டரா வரப்போறே?" என்று பார்க்கிறவனெல்லாம் கேட்பான்.

"இன்னும் ஆறே வருஷம். அதுவரைக்கும் உங்க மாட்டையெல்லாம் சாகாமப் பார்த்துக்குங்க" என்று பெர்னிதான் பதில் சொல்வாள். ஈமர் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை அப்போதே கொஞ்சம் உற்றுப் பார்த்திருக்கலாம். யார் பார்த்தார்கள்?

பெர்னிக்கு அதில் சொந்தக் கணக்கும் இருந்தது, மறைப்பானேன். மூத்த மகன் ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குக் கட்டட வேலைக்குப் போய் நான்கு வருடம். வருகிறேன் வருகிறேன் என்றவன் இப்போது அங்கே ஒருத்தியோடு நாய்க்குட்டி வளர்க்கிறான். நாய்க்குட்டி வந்தபின் எவனும் திரும்பி வருவதில்லை. ஈமராவது அப்படிப் போகக்கூடாது. டப்ளினில் படிப்பாள், வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அழுக்குத் துணியோடு வருவாள், படிப்பு முடிந்ததும் ஹியூபர்ட்டின் அறையில் உட்காருவாள். வாசல் பலகையில் எந்த எழுத்தில் பெயர் எழுதுவது என்பது வரை பெர்னி யோசித்து வைத்திருந்தாள்.

பள்ளியில் ஆசிரியை, எதற்கும் இருக்கட்டும் என்று புடாபெஸ்டுக்கும் ஒரு விண்ணப்பம் போடச் சொன்னார். இங்கே மார்க் போதாத பிள்ளைகள் பாதிப்பேர் அங்கேயோ வார்சாவிலோ படித்துவிட்டுத்தான் வருகிறார்கள், அதிசயமில்லை. மார்ச்சில் டப்ளினில் ஒரு ஓட்டலில் நேர்காணல். இரண்டு ஹங்கேரியப் பேராசிரியர்கள் ஈமரிடம் முக்கால் மணி நேரம் பேசினார்கள். வெளியே வந்தவள் முகம் சிவந்திருந்தது.

"என்னடி கேட்டாங்க?"

"ஆட்டைப் பத்திதான். இரட்டைக் குட்டி சிக்கினா எந்தக் காலு யாரோடதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பேன்னு கேட்டாங்க. செஞ்சு காட்டச் சொன்னாங்கம்மா. அந்தாளோட கோட்டுக் கைக்குள்ள கையை விட்டுக் காட்டினேன்."

பெர்னி விழுந்து விழுந்து சிரித்தாள். மே மாதம் இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தபோது அதை மின்சார ரசீதுகளோடு சேர்த்துச் செருகி வைத்தாள். வெயில் காலத்தில் குடையை அப்படித்தான் வைப்போம்.

ஆகஸ்டில் பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்தது. அறுநூற்று இருபத்தைந்துக்கு ஐந்நூற்று எண்பத்தொன்பது. மருத்துவமனையில் கேக் வெட்டினார்கள். ஹியூபர்ட் மூக்கைச் சிந்தினார். ஐந்து நாள் கழித்து, புதன்கிழமை இரண்டு மணிக்கு இடங்கள் அறிவிக்கப்பட்டன. ஈமருக்கு விருப்பப் பட்டியலில் இரண்டாவதாக எழுதிய விலங்கியல் படிப்புதான் கிடைத்திருந்தது. கால்நடை மருத்துவம் இல்லை. மறுநாள் செய்தித்தாளில் கட்-ஆஃப் பட்டியல் வந்தது. கால்நடை மருத்துவத்துக்கு எதிரே ஐந்நூற்று எண்பத்தொன்பது என்றே போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம்.

"அதே மார்க்தானே? தப்பா அனுப்பிட்டானுங்க" என்று தொலைபேசியை எடுத்தாள் பெர்னி.

சேர்க்கை அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்த பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். அதுதான் வயிற்றெரிச்சல். "தப்பு இல்லைங்க. அந்த மார்க் வாங்கின எல்லாருக்கும் இடம் பத்தலைன்னா நட்சத்திரம் போடுவோம். ஆளுக்கு ஒரு எண்ணைக் கம்ப்யூட்டர் குருட்டாம்போக்குல கொடுத்திருக்கும். அந்த வரிசைப்படிதான்."

"குலுக்கலா?"

"அப்படிச் சொல்ல மாட்டோம்."

"வேற எப்படிச் சொல்வீங்க?"

பெர்னி சர்ச் குலுக்கலில் முப்பது வருடமாகச் சீட்டு வாங்குகிறவள். ஒரே ஒரு முறை குளியல் உப்பு விழுந்தது. அப்படிப்பட்ட அதிர்ஷ்டத்தை நம்பித் தன் மகளின் படிப்பை வைத்திருக்கிறார்கள். நாட்டில் மாடு பார்க்க ஆளில்லை என்று மாதம் ஒரு மந்திரி டிவியில் அழுகிறான். பார்க்கிறேன் என்று வருகிறவளை எண் போட்டு வெளியே நிறுத்துகிறார்கள்.

சனிக்கிழமை எம்.பி.யைப் பார்க்கப் போனாள். வாராவாரம் மதுக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து தொகுதி மக்களின் குறை கேட்பவர். பெர்னி வாங்கிக்கொடுத்த ஓட்டுகள் அவருக்கும் தெரியும். முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெர்னி, ரோடு போடணுமா, சொல்லு. ஆஸ்பத்திரில பெட் வேணுமா, இந்த நிமிஷம் போன் போடறேன். இது மட்டும் முடியாது."

"யாரையாச்சும் தெரியாமலா இருக்கும்?"

"தெரிஞ்சவன் இருந்தாத்தானே! என் தங்கச்சி மகனுக்கே முடியல. இந்த நாட்டுல சிபாரிசு போகாத இடம் ஒண்ணே ஒண்ணு இருக்குன்னா அது இதுதான். யாருக்கு போன் போட்டாலும் கம்ப்யூட்டரு கேக்காதும்மா."

ஊருக்கே ஆள் பிடித்துக் கொடுத்தவள் தன் பிள்ளைக்கு ஆள் பிடிக்க முடியாமல் மழையில் காருக்குள் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அநியாயம் நடந்திருந்தால் சண்டை போடலாம். இங்கே அநியாயம்கூட நடக்கவில்லை.

அவள் கணவன் ஜிம்மி, பால் லாரி ஓட்டுகிறவன். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரியாயிடும் விடு" என்றான். கூரை ஒழுகியபோதும் அவன் அதையேதான் சொன்னான்.

ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. செப்டம்பர் நடுவில் இரண்டாம் சுற்று. யாராவது இடம் வேண்டாம் என்று போனால், வரிசையில் அடுத்தவருக்கு வரும். ஆனால் புடாபெஸ்டில் வகுப்பு முதல் வாரமே தொடங்குகிறது.

"பத்து நாள் பொறு ஈமர். பத்தே நாள்."

"வரலைன்னா? ரெண்டும் போயிடும்மா."

"அப்ப போ. இங்க வந்துச்சுன்னா அடுத்த பிளைட்ல திரும்பி வந்துடணும். சத்தியம் பண்ணு."

"பார்க்கலாம்மா" என்றாள் ஈமர். நாக் விமான நிலையத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டபோது பெர்னிதான் அழுதாள். மகள் கண்ணில் நீர் வந்ததா என்று அவள் பார்க்கவில்லை.

இரண்டாம் சுற்று வந்த திங்கட்கிழமை காலையிலிருந்து பெர்னிக்கு வேலை ஓடவில்லை. பால் காய்ச்சல் வந்த பசுவுக்கு டாக்டர் கேட்டவனைக் குதிரைக்கு லாடம் அடிப்பவனிடம் அனுப்பிவிட்டாள். மூன்று மணிக்கு மகளுக்குச் செய்தி அனுப்பினாள்: வந்துச்சா? ஒரு மணி நேரம் கழித்து ஒரு படம் வந்தது. வெள்ளைக் கோட்டில் ஈமர், பக்கத்தில் ஒரு குதிரையின் எலும்புக்கூடு. கீழே, 'இவர் பேரு லாஸ்லோ. கிளாஸ்ல இருக்கேன்.' அவ்வளவுதான். வந்திருந்தால் சொல்லாமல் இருப்பாளா? பெர்னி மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஹியூபர்ட் வெளியே நின்று, தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல், கடைசியில் தேநீரை வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை ஜான் ஜோ வந்தார், ஆட்டுக்குப் பூச்சி மருந்து வாங்க. வாய் ஓயாத கிழவர். அன்று தொப்பியைக்கூடத் தலைக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தார்.

"கேட்டியா பெர்னி, என் மக வயித்துப் பேரன் ரோனனுக்கு ரெண்டாவது சுத்துல கிடைச்சிருச்சு. மாட்டு டாக்டரு! மொத சுத்துல கிடைச்ச யார் யாரோ புண்ணியவானுங்க வேண்டாம்னுட்டாங்களாம். அவங்க நல்லா இருக்கணும்."

பெர்னி மனதார வாழ்த்தினாள். அவளுக்கு அந்த நல்ல குணம் உண்டு. "நல்லாப் படிச்ச பையன்தானே. எவ்வளவு மார்க்?"

"ஐந்நூத்தி எழுபத்தேழு. மொத சுத்துல கிட்டகூடப் போகல. இப்பக் கட்-ஆஃப் இறங்கிடுச்சுன்றான்."

பில்லில் எழுதிக்கொண்டிருந்த பெர்னியின் கை நின்றது.

ஐந்நூற்று எழுபத்தேழு. ஈமரைவிடப் பன்னிரண்டு குறைவு. அவனுக்கே வந்திருக்கிறது என்றால், ஐந்நூற்று எண்பத்தொன்பது வாங்கிய ஒவ்வொருவருக்கும் அதற்கு முன்பே கொடுத்தாகிவிட்டது. ஈமருக்கு வந்திருக்கிறது. திங்கட்கிழமையே வந்திருக்கிறது.

"என்ன பெர்னி, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்ல. வாழ்த்துச் சொன்னேன்னு சொல்லுங்க" என்று மருந்தை நீட்டினாள். கிழவர் போனதும், இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக யாரும் கூப்பிட முடியாதபடி அலுவலகத் தொலைபேசியின் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, தன் கைப்பேசியோடு பின்கட்டுக்குப் போனாள்.

"உனக்கு சீட் வந்துச்சு இல்ல?"

அந்தப் பக்கம் டிராம் ஓடும் சத்தம். பிறகு, "ஆமாம்மா."

"வேண்டாம்னுட்டியா?"

"ஆமா."

"ஏன்டி? இங்க என்னடி குறை? அந்த நம்பர் கோவமா? கம்ப்யூட்டரு செஞ்சதுக்கு யாரை நோகறது?"

"மொதல்ல அந்தக் கோவம்தான். நான் நல்லவளா மோசமானவளான்னு யாரும் பார்க்கவே இல்ல. அன்னைக்கு இல்லேன்னாங்க, இன்னைக்கு உண்டுன்னாங்க. நடுவுல நான் ஒண்ணுமே செய்யல. இங்க ரெண்டு பேரு என் கையைப் பார்த்துட்டுக் கூப்பிட்டாங்க. ஆனா அது மட்டும் இல்லம்மா."

"வேற என்ன?"

"திட்ட மாட்டியே?"

"சொல்லு."

"எனக்குப் பதினெட்டு வயசும்மா. எங்க படிக்கணும், எந்த ரூம்ல உட்காரணும், யாரு மாட்டைப் பார்க்கணும், எல்லாம் முடிவாயிடுச்சு. கடைக்குப் பால் வாங்கப் போனா அங்கயும் நாலு பேரு எப்ப வர்றேன்னு கேக்கறாங்க. நட்சத்திரம்னு பேப்பர்ல பார்த்தப்ப நான் அழுதேன். அன்னைக்கு ராத்திரியே, அப்பாடான்னு இருந்துச்சு. அதுக்கும் அழுதேன். இங்க நான் பெர்னி பொண்ணு இல்லம்மா. சும்மா ஈமர்."

இத்தனை நாளும் பெர்னிக்குத் திட்டுவதற்கு ஒரு கம்ப்யூட்டராவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. அவள் பெற்ற பெண் நல்ல புத்தியோடு, யோசித்து, அவளை விட்டுப் போயிருக்கிறாள். ஊரை விட்டு என்றுகூடச் சொல்ல முடியாது.

"படிச்சு முடிச்சா வருவியா?"

"தெரியலம்மா."

"வருவேன்னு சொல்லு ஈமர். பொய்யாவது சொல்லு."

டிராம் இன்னொன்று போனது.

"வருவேன்மா" என்றாள் ஈமர். கேட்டதைக் கொடுத்துவிடுகிறவள் போல, அவ்வளவு சுலபமாக.

பெர்னி முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது ஹியூபர்ட் கதவருகே ரப்பர் பூட்ஸில் காலை நுழைத்துக்கொண்டிருந்தார். குனிய முடியாமல் சுவரைப் பிடித்திருந்தார். ஜான் ஜோ வழியில் பார்த்து அவரிடமும் சொல்லியிருக்க வேண்டும். அவருக்கும் கூட்டிக் கழிக்கத் தெரியும்.

"ஈமர் வேண்டாம்னுட்டாளா?"

"ஆமா. அங்கயே படிக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஹியூபர்ட் தலையை ஆட்டினார். பூட்ஸைப் பார்த்தபடியே, பயந்து பயந்து, "முடிச்சிட்டு இங்கதானே வருவா?" என்றார்.

"வருவேன்னுதான் சொல்றா" என்றாள் பெர்னி.

அவர் முகம் தெளிந்தது. "அப்ப சரி. அஞ்சரை வருஷம்தானே? நான் தாக்குப்பிடிச்சிடுவேன். அந்த விளம்பரத்தை நிறுத்திடு பெர்னி, வீண் செலவு" என்று பையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார்.

அவரைக் கூப்பிட்டு நிறுத்த வாய் வரவில்லை. விளம்பரத்தை நிறுத்தச் சொல்லிப் பத்திரிகைக்குத் தொலைபேசி செய்தாள். எந்த எண், யாரிடம் கேட்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.